ஒன்றாம் வகுப்பு முதல்முறையாகக் கைக்கு வந்தால்: புது ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

பணி நியமன ஆணையோடு பள்ளிக்குள் நுழைந்த அன்றே தலைமையாசிரியர், "ஒண்ணாம் வகுப்பை நீங்க பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டாரா? பயப்பட வேண்டாம். ஆனால் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பட்டயப் படிப்பிலும் தகுதித் தேர்விலும் குழந்தை உளவியல் அறிஞர் பியாஜே முதல் எல்லோரையும் படித்திருப்பீர்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று நான்கு பிள்ளைகள் அழ, இரண்டு பிள்ளைகள் கேட்டைப் பார்த்து ஓட, ஒன்று உங்கள் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்கும்போது என்ன செய்வது என்பது எந்த வினாத்தாளிலும் வந்திருக்காது.

நான் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பத்தொன்பது ஆண்டுகளாக ஒன்றாம் வகுப்புப் பக்கமே இருப்பவள். முதல் ஆண்டு எனக்குத் தெரிந்தது ஒரே வித்தை: "கையைக் கட்டு, வாயில விரலை வை." முப்பது பிள்ளைகளும் விரலை உதட்டில் வைத்து உட்கார்ந்திருப்பார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நல்ல கண்ட்ரோல் என்று பக்கத்து வகுப்பு ஆசிரியர்கூடப் பாராட்டினார். ஒரு பையன் மட்டும் தினமும் டவுசரை நனைத்துக்கொண்டிருந்தான். வீட்டில் சொன்னேன், மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். கடைசியில் அவன் பாட்டிதான் கண்டுபிடித்துச் சொன்னார்: "வாயிலேர்ந்து விரலை எடுத்தா டீச்சர் திட்டும்னு சொல்றான் கண்ணு. விரலை எடுக்காம எப்படி ஒண்ணுக்குப் போவணும்னு கேக்கிறது?"

அன்றிலிருந்து நான் ஒழுங்கையும் ஒரு பாடமாகவே நடத்துகிறேன். 'அ' எழுதத் தெரியாத பிள்ளையை நாம் திட்டுவதில்லை; கையைப் பிடித்துச் சொல்லித்தருகிறோம். வரிசையில் நிற்கத் தெரியாத பிள்ளைக்கும், கேட்டு வாங்கத் தெரியாத பிள்ளைக்கும் அதேதான். கீழே உள்ள எல்லாமே இந்த ஒரு எண்ணத்திலிருந்து வருபவை.

1. பள்ளி திறக்கும் முன்: அறையைப் பாருங்கள்

தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பில் சேர ஐந்து வயது முடிந்திருந்தால் போதும். அதனால் உங்கள் முன் உட்காரப்போகிறவர்களில் சிலர் ஐந்தே கால் வயதுக்காரர்கள், சிலர் ஆறைத் தாண்டியவர்கள். அந்த வயதில் பத்து மாத வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அங்கன்வாடிக்கு ஒழுங்காகப் போனவர்கள் இருப்பார்கள்; வீட்டுத் திண்ணையைத் தாண்டாதவர்களும் இருப்பார்கள். சேர்க்கைப் படிவத்தில் பிறந்த தேதியைப் பார்த்து, வயதில் சின்னவர்கள் யார் என்று ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் "இவன் மட்டும் ஏன் பின்தங்குகிறான்" என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும்போது பாதி விடை அந்தத் தாளில் இருக்கும்.

பெரும்பாலும் உங்களுக்குக் கிடைப்பது ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகளும் சேர்ந்து உட்காரும் ஒரே அறையாக இருக்கும், குறிப்பாக ஈராசிரியர் பள்ளி என்றால். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகைப் பட்டை ஓடுகிறதா என்று பாருங்கள். அது செயல்வழிக் கற்றல் காலத்தின் மிச்சம், அதாவது பிள்ளைகள் அட்டைகளை எடுத்துத் தாங்களாகவே செய்து கற்ற காலம். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் போன முறை அது. முறை மாறிவிட்டது, பலகை இருக்கிறது. பெயிண்ட் அடிக்க ஆள் வந்தால் அதை மூடிவிட விடாதீர்கள். உட்கார முடியாத பிள்ளைக்கு நின்றுகொண்டு எழுத அதைவிட நல்ல இடம் கிடையாது.

வகுப்பில் பிள்ளைகளை 'ப' எழுத்தின் வடிவில் உட்காரவைப்பது பற்றி 2025-ல் பெரிய பேச்சு ஓடியது. சின்ன வகுப்பில் தரையில் பாய் விரித்து அரைவட்டமாக உட்காரவைப்பவர்களுக்கு அது பழைய சங்கதி. எல்லார் முகமும் உங்களுக்குத் தெரிய வேண்டும்; உங்கள் வாயசைவு எல்லாருக்கும் தெரிய வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

2. முதல் வாரம்: புத்தகத்தைத் திறக்காதீர்கள்

முதல் வாரத்தில் ஐந்து விஷயங்களைச் சொல்லிக்கொடுத்தால் போதும். செருப்பை எங்கே கழற்றுவது, பையை எங்கே வைப்பது, தண்ணீர் எங்கே குடிப்பது, கழிப்பறை எங்கே, டீச்சரை எப்படிக் கூப்பிடுவது.

கழிப்பறையில் தொடங்குங்கள். வாயால் சொன்னால் போதாது, கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். தாழ்ப்பாள் எப்படிப் போடுவது, எப்படித் திறப்பது, பக்கெட்டில் தண்ணீர் எங்கே, முடிந்ததும் எவ்வளவு ஊற்றுவது, பிறகு கை கழுவுவது. உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் திறக்கத் தெரியாமல் கத்திய பிள்ளை மறுநாள் பள்ளிக்கே வராது. போக வேண்டும் என்றால் சுண்டு விரலைக் காட்டினால் போதும் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் பாடம் நடத்திக்கொண்டே தலையை ஆட்டினால் கிளம்பிவிட வேண்டும். "இப்பத்தானே போயிட்டு வந்தே" என்ற வசனத்தை ஆறு மாதத்துக்கு மறந்துவிடுங்கள். ஒருத்தி எழுந்தால் பின்னாலேயே ஏழு பேர் எழுவார்கள், அது வேறு. அதற்கு வாசலில் ஒரு ஆணி அடித்து, அதில் ஒரு அட்டையை மாட்டுங்கள். அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும், ஒரே ஒரு அட்டைதான். சண்டையே வராது.

அழும் பிள்ளை: அம்மாவோ பாட்டியோ வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் அழுகை நிற்காது. அதற்காக ஏமாற்றிவிட்டுப் போகவும் சொல்லாதீர்கள். "கடைக்குப் போய் முட்டாய் வாங்கியாறேன்" என்று சொல்லிப் போய்விட்டால், அந்தப் பிள்ளை நாள் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். மறுநாள் காலை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். "மணி அடிச்சதும் வருவேன்" என்று சொல்லச் சொல்லுங்கள், சொன்னபடி வரச் சொல்லுங்கள். அழுகிற பிள்ளை கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். சாக்பீஸ் டப்பாவைப் பிடித்துக்கொள், இந்த அட்டைகளை ஆளுக்கு ஒன்று கொடு. கை வேலை செய்தால் கண் காயும்.

பெயர்கள். முதல் நாளே முப்பது பெயரையும் பாடமாக்கிக்கொள்ளுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர் வேறாக இருக்கும். 'பாப்பா', 'குட்டி', 'அப்பு' என்று கூப்பிட்டே பழகிய பிள்ளைக்கு, வருகைப் பதிவில் கூப்பிடுவது தன்னைத்தான் என்றே தெரியாது. "உள்ளேன் டீச்சர்" சொல்லாதவனை ஆப்சென்ட் போட்டுவிட்டு நிமிர்ந்தால் எதிரிலேயே உட்கார்ந்திருப்பான்.

3. மூன்று விதி, அதற்கு மேல் வேண்டாம்

சுவரில் பத்து விதி ஒட்டாதீர்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுதி ஒட்டுவதில் ஒரு பயனும் இல்லை. என் வகுப்பில் மூன்றுதான்: ஒருத்தர் பேசும்போது மற்றவர் கேட்க வேண்டும், கையால் யாரையும் வலிக்கச் செய்யக் கூடாது, எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும்.

விதியைச் சொல்லிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள், ஒத்திகை வேண்டும். வரிசையில் நிற்பதைப் பத்து நாள் விளையாட்டாக நடத்துங்கள். ரயில் விளையாட்டே போதும். முன்னால் நிற்பவர் தோளில் கை, இன்ஜின் நின்றால் பெட்டியும் நிற்கும். சத்தத்தைக் குறைக்க நீங்கள் கத்தினால் அவர்கள் அதற்கும் மேலே போவார்கள். ஒரு கைத்தட்டல் தாளத்தைப் பழக்குங்கள். நான் 'தக தக தை' என்று தட்டுவேன், அவர்கள் திருப்பித் தட்ட வேண்டும். மூன்றாவது முறை தட்டும்போது அறை அமைதியாகிவிடும். தொண்டை மிச்சம்.

இன்னொரு சின்ன மாற்றம் பெரிய பலன் தரும். "ஓடாதே" என்றால் அந்த வயதுப் பிள்ளையின் காதில் 'ஓடு' தான் விழும். "நடந்து வா" என்று சொல்லுங்கள். "கத்தாதே" என்பதற்குப் பதில் "மெதுவா சொல்லு". "தள்ளாதே" என்பதற்குப் பதில் "ஒரு கை தள்ளி நில்லு". செய்யக் கூடாததை மட்டும் சொன்னால், அப்புறம் என்னதான் செய்ய வேண்டும் என்று அதற்குத் தெரியாது.

கிளாஸ் லீடர் வைத்து, பேசியவர் பெயரைப் பலகையில் எழுதச் சொல்லும் வழக்கம் ஒன்றாம் வகுப்புக்கு வேண்டாம். லீடருக்கு எழுதத் தெரியாது என்பது முதல் பிரச்சினை. எழுதத் தெரிந்தவுடன் தனக்குப் பென்சில் தராதவன் பெயரைத்தான் முதலில் எழுதுவான் என்பது இரண்டாவது.

4. சாப்பாட்டு நேரமும் வகுப்புதான்

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. அதற்கு முன்னால் வகுப்பெடுத்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். முதல் பாடவேளையில் சுருண்டு படுக்கும் பிள்ளைகளை 'சோம்பேறி' என்று நாங்கள் எழுதிவைத்த காலம் உண்டு. பசி என்று எழுதியிருக்க வேண்டும்.

மதியம் முட்டை வருகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு முட்டை உரிக்கத் தெரியாது. இது தெரியாமல் நான் ஒரு மாதம் ஆயாவிடம் சத்தம் போட்டிருக்கிறேன், ஏன் இத்தனை முட்டை குப்பையில் கிடக்கிறது என்று. பிள்ளைகள் நகத்தால் பிய்த்து, ஓட்டோடு வெள்ளைக் கருவும் கையோடு வர, மீதியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மறுநாள் ஒரு முட்டையை வைத்து வகுப்பெடுத்தேன். அகன்ற முனையைத் தட்டில் மெதுவாகத் தட்டு. அங்கே உள்ளே ஒரு காற்றுப் பள்ளம் இருக்கும், ஓடு சுலபமாக உடையும். தண்ணீரில் ஒரு தடவை நனை. கட்டை விரலின் சதையால் தள்ளு, நகத்தால் கிள்ளாதே. மூன்று நாளில் எல்லாரும் உரித்தார்கள். நாலாம் நாள் எனக்கும் ஒன்று உரித்துத் தந்தார்கள், கறுப்புக் கைரேகைகளோடு. சாப்பிட்டேன், வேறு வழி? கை கழுவும் பாடத்தை முட்டைப் பாடத்துக்கு முன்னால் வைக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

விரலுக்கு இதெல்லாம் நல்ல பயிற்சி. முட்டை உரிப்பது, பட்டாணி உரிப்பது, பட்டன் போடுவது, களிமண் உருட்டுவது. இந்த வயதில் மணிக்கட்டு எலும்புகள் இன்னும் முழுதாக உருவாகியிருக்காது. பென்சிலை முஷ்டியால் பிடிப்பவனை அடக்கிப் பக்கம் பக்கமாக எழுதவைப்பதைவிட, அவனிடம் களிமண்ணைக் கொடுப்பது சீக்கிரம் பலன் தரும்.

5. "டீச்சர், இவன் என்னைக் கிள்ளிட்டான்"

ஒரு நாளைக்கு நாற்பது புகார் வரும். எண்ணிப் பார்த்திருக்கிறேன். கிள்ளினான், பழிப்புக் காட்டினான், என் ரப்பரை எடுத்துக்கிட்டான், எங்க அம்மாவைச் சொன்னான், இவன் என் பக்கத்துல உக்காந்திருக்கான். எல்லாவற்றையும் விசாரித்தால் நீதிமன்றம்தான் நடத்த முடியும். ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொடுங்கள்: "எனக்குப் பிடிக்கல, நிறுத்து." கையை முன்னால் நீட்டி, கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். புகாரோடு வந்தால் முதல் கேள்வி, "அவன்கிட்ட சொன்னியா?" சொல்லியும் நிறுத்தவில்லை என்றால்தான் வழக்கு உங்களிடம் வரும். ரத்தமோ, கடித்த பல் தடமோ இருந்தால் மட்டும் நேரடி விசாரணை.

பென்சில், ரப்பர் காணாமல் போவதைத் திருட்டு என்று சொல்லாதீர்கள். 'என்னுடையது', 'உன்னுடையது' என்ற எல்லைக்கோடு அந்த வயதில் பல்பத்தால் போட்ட கோடு மாதிரி. விரல் பட்டால் அழிந்துவிடும். ஒரு பழைய டப்பாவில் பொதுப் பென்சில்கள் இருபது போட்டு வையுங்கள். காலையில் எடு, மாலையில் போடு. எண்ணிப் பார்ப்பது ஒரு பிள்ளையின் வேலை, அது கணக்குப் பாடமும் ஆயிற்று.

மூன்று வகுப்பும் ஒரே அறை என்றால் இன்னொன்றைப் பழக்கியே ஆக வேண்டும்: நீங்கள் ஒரு குழுவோடு இருக்கும்போது மற்றவர்கள் பத்து நிமிடம் தாங்களாக வேலை செய்வது. நான் ஒரு சிவப்புத் துண்டைத் தோளில் போட்டுக்கொள்வேன். துண்டு இருக்கும்வரை என்னைக் கூப்பிடக் கூடாது. ரத்தம், வாந்தி, ஒண்ணுக்கு, இந்த மூன்றுக்கு மட்டும் விலக்கு. முதல் நாள் இரண்டு நிமிடம்தான் தாக்குப்பிடித்தார்கள். மறுநாள் மூன்று. தீபாவளிக்குள் பத்து நிமிடத்தைத் தொட்டோம்.

6. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க"

பெற்றோர் இதை அன்போடுதான் சொல்வார்கள். 'அடியாத மாடு படியாது' என்று கூடவே வரும். சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவு, உடலைத் துன்புறுத்தும் தண்டனையையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. மண்டியிடவைப்பது, வெயிலில் நிறுத்துவது, 'மக்கு' என்று எல்லார் முன்னாலும் சொல்வது எல்லாம் இதில் அடங்கும். பெற்றோர் அனுமதி கொடுத்தார் என்பது உங்களைக் காப்பாற்றாது.

சட்டம் ஒரு பக்கம். பயந்த பிள்ளை கேள்வி கேட்காது, தெரியவில்லை என்று சொல்லாது. கேட்காத பிள்ளைக்கு என்ன தெரியாது என்று நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

அப்படியானால் தப்புச் செய்தால்? செய்ததைச் சரிசெய்யவைப்பதுதான். தண்ணீரைக் கொட்டினால் துணி எடுத்துத் துடைக்கட்டும். அடித்தால், அடிபட்டவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து தரட்டும். கட்டுக்கடங்காமல் கொதிக்கும் பிள்ளையை அந்த நேரத்தில் புத்தி சொல்லித் திருத்த முடியாது. வராந்தாவில் உங்கள் கண் பார்வையில் உட்காரவைத்து, ஆறியபின் பேசுங்கள். ஒன்று மட்டும் முக்கியம். காலையில் செய்த தப்பு காலையோடு போகட்டும். மதியம் சாப்பாட்டில் அதை எடுத்து நீட்டாதீர்கள்.

7. பேச்சை முதலில் காதால் வாங்குங்கள்

பிள்ளை "வூட்டுல ஆத்தா பணியாரம் சுட்டுச்சு" என்கிறது. புத்தகம் "வீட்டில் அம்மா பணியாரம் சுட்டார்" என்கிறது. வாயைத் திறந்த இடத்திலேயே "வூடு இல்ல, வீடு" என்று திருத்தினால் பணியாரக் கதை அங்கேயே நின்றுவிடும். கேளுங்கள். "ஓ, வீட்டில பணியாரமா? இனிப்பா, காரமா?" உங்கள் வாயில் 'வீடு' வந்துவிட்டது, அது போதும். எழுத்துத் தமிழ் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பாதி வேற்றுமொழி என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

முழுக்க வேற்றுமொழி பேசும் பிள்ளைகளும் உண்டு. ஓசூர் பக்கம் தெலுங்கும் கன்னடமும், நீலகிரியில் படுகு, மதுரையில் சௌராஷ்டிரம், திருப்பூரில் இந்தியும் ஒடியாவும். அவர்கள் பல வாரங்கள் வாயே திறக்காமல் இருக்கலாம். ஊமை என்றோ மந்தம் என்றோ முடிவு கட்டாதீர்கள், சேமித்துக்கொண்டிருக்கிறார்கள். பாட்டிலும் செய்கையிலும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மொழியில் 'தண்ணீர்', 'வலிக்குதா', 'வா' ஆகிய மூன்று சொற்களை நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள்.

8. எழுத்து: எதை எதிர்பார்க்கலாம்?

கொரோனா விடுப்பால் ஏற்பட்ட இடைவெளியை அடைக்க 2022-23-ல் வந்தது எண்ணும் எழுத்தும் திட்டம். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை எந்த நிலையில் நிற்கிறதோ அங்கிருந்து தொடங்குவது அதன் முறை. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் புரிந்து படிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குச் செய்ய வேண்டும் என்பது குறிக்கோள். மத்திய அரசின் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டமான நிபுன் பாரத் இலக்குப்படி, ஒன்றாம் வகுப்பு முடிவில் நான்கைந்து எளிய சொற்கள் கொண்ட சிறு வாக்கியங்களைப் படிக்க வேண்டும், 99 வரை எண்களைப் படித்து எழுத வேண்டும். மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்கள். தமிழில் சொல்லைக் கடிகாரம் வைத்து எண்ணுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. 'படித்துக்கொண்டிருந்தான்' நமக்கு ஒரே சொல். வேகத்தைவிட, படித்ததைத் தன் வாயால் திருப்பிச் சொல்கிறதா என்று பாருங்கள்.

'அ, ஆ, இ, ஈ' என்று ராகத்தோடு ஒப்பிக்கும் பிள்ளைக்கு எழுத்து தெரிந்துவிட்டது என்று நம்ப வேண்டாம். 'ஈ'யை மட்டும் தனியாகக் காட்டுங்கள். மனத்துக்குள் முதலிலிருந்து பாடிக்கொண்டு வந்து, ஈயில் நின்று சொல்லும். பாட்டு தெரியும், எழுத்து இன்னும் தெரியாது. அட்டைகளைக் கலைத்துப் போட்டு எடுக்கச் சொல்வதுதான் உண்மையான சோதனை.

புத்தகம் எந்த வரிசையில் போனாலும், கைக்கு முதலில் ட, ப, ம கொடுங்கள். நேர்கோடுகள்தான் அதிகம். 'அ' போன்ற சுழி எழுத்து புதுக் கைக்குப் பெரும்பாடு. இந்த மூன்றோடு புள்ளியையும் சொல்லித்தந்தால் படம், மடம், பட்டம் மூன்றும் படித்துவிடலாம். இரண்டாம் வாரத்தில் ஒரு பிள்ளை தானாக 'பட்டம்' என்று படித்துவிட்டு மேலே பார்க்கும் பாருங்கள், அதற்கு இணையான சம்பளம் இல்லை.

247 எழுத்து என்றதும் மலைக்காதீர்கள். உயிர், மெய், ஆய்தம், அப்புறம் கால், கொம்பு முதலிய குறிகள். இவ்வளவையும் பிடித்துவிட்டால் பெரும்பாலான உயிர்மெய் தானாக வரும். சிக்கல் வரும் இடங்கள் சில உண்டு. துணைக்காலும் 'ர'வும் ஒன்றுபோல இருப்பதால் 'கால்' என்பதை 'கரல்' என்று படிக்கும். 'கெ'யில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது; அங்கே ஒரு வாரம் தடுமாறும். உகர, ஊகார வரிசையில் கு, சு, டு, து, நு என்று ஒவ்வொன்றும் ஒரு திசையில் வளையும். அதற்குச் சூத்திரம் கிடையாது, படம் பிடிப்பதுபோல மனத்தில் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான், அவசரப்படுத்தாதீர்கள். எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுதினால் இந்த வயதில் பதற வேண்டாம். ல, ள, ழ தகராறு மூன்றாம் வகுப்புவரை போகும். பல பெரியவர்களுக்கே அது தீரவில்லை.

வீட்டில் தாத்தா சொல்லிக்கொடுத்து, 'லை', 'னை' எழுத்துகளை யானைத் தும்பிக்கை போட்டு எழுதி வரும் பிள்ளையைப் பார்த்தால் திகைக்காதீர்கள். 1978-ல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முன் படித்த தாத்தா அவர். "தாத்தா எழுத்து இது, நம்ம புத்தக எழுத்து இது" என்று இரண்டையும் பக்கத்தில் எழுதிக் காட்டினால் பிள்ளைக்கும் புரியும், தாத்தாவுக்கும் மரியாதை.

9. எண்

நூறு வரை சொல்வதும் நூறு வரை எண்ணுவதும் வேறு. ஐந்து புளியங்கொட்டையை எண்ணச் சொன்னால், வாய் ஏழுக்குப் போயிருக்கும், விரல் நாலில் நிற்கும். ஒவ்வொன்றையும் நகர்த்தி வைத்து எண்ணப் பழக்குங்கள். புளியங்கொட்டையை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். இதைக் கணக்குக்காகச் சொல்லவில்லை, மூக்கில் ஒன்று போய்விடும் என்பதற்காகச் சொல்கிறேன். எனக்கு ஒருமுறை போயிருக்கிறது, அதாவது என் வகுப்பில்.

தமிழ் எண்ணுப் பெயர்கள் நமக்கு ஒரு வரம். இருபத்து மூன்று என்று சொன்னால் இரண்டு பத்தும் மூன்றும் காதிலேயே கேட்கிறது. விளக்குமாற்றுக் குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, இரண்டு கட்டும் மூன்று உதிரியும் கையில் கொடுத்தால் இடமதிப்பு முடிந்தது. ஆனால் ஒன்பதில் ஒரு பொறி இருக்கிறது. எண்பத்தொன்பதுக்கு அடுத்து 'எண்பத்துப் பத்து' என்றுதான் பிள்ளை சொல்லும், அதன் கணக்குப்படி அது சரியும்கூட. நாமோ 'தொண்ணூறு' என்கிறோம். அதற்குள் நூறு ஒளிந்திருக்கிறது. 'ஒன்பது'க்குள் பத்து, 'தொள்ளாயிர'த்துக்குள் ஆயிரம். முழிக்கிற பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல் ஒன்பது கட்டுகளை அடுக்கிக் காட்டுங்கள்.

10. இரண்டாம் முறை பார்க்க வேண்டியவர்கள்

சொன்னதைச் செய்யாத பிள்ளை அடங்காதது என்று முடிவுசெய்யும் முன், முதுகுப் பக்கம் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். காது கேட்காமல் இருக்கலாம். சளி பிடித்த மாதங்களில் பாதி வகுப்புக்கே அரைச் செவிடு. பலகையை விட்டுப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதினால் கண்ணைச் சோதிக்கச் சொல்லுங்கள். பல்பமும் சுண்ணாம்பும் தின்கிற பிள்ளைக்கு ரத்தசோகை இருக்கக்கூடும். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள், குடற்புழு மாத்திரை நாளில் விட்டுப்போகாமல் பாருங்கள். இதையெல்லாம் தாண்டியும் சந்தேகம் இருந்தால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைக் கூப்பிடுங்கள். நீங்களே ஒரு பெயரைச் சூட்டிப் பெற்றோரிடம் சொல்லிவிடாதீர்கள்.

11. பெற்றோர்

கூலி வேலைக்குப் போகிறவர்களை வகுப்பு நேரத்தில் வரச்சொன்னால் ஒரு நாள் சம்பளம் போகும். காலையில் பிள்ளையை விட வரும்போது வாசலில் இரண்டு நிமிடம் பேசுங்கள். முதல் பேச்சு நல்லதாக இருக்கட்டும்: "இன்னிக்கு உங்க புள்ள மூணு பேருக்கு முட்டை உரிச்சுக் குடுத்தான்." அப்புறம் நீங்கள் குறை சொன்னாலும் காதில் ஏறும்.

"பக்கத்துத் தெரு கான்வென்ட்ல எல்கேஜி புள்ளையே நோட்டு நோட்டா எழுதுது" என்பார்கள். வாதம் செய்யாதீர்கள். வகுப்பில் கூப்பிட்டு உட்காரவையுங்கள், கலைத்துப் போட்ட அட்டையிலிருந்து பிள்ளை 'பட்டம்' எடுப்பதைப் பார்க்கட்டும். வீட்டுப்பாடம் அளவாகப் போதும். அதிகமானால் அக்காதான் எழுதுவாள், எழுத்து அழகாக இருப்பதிலிருந்தே தெரிந்துவிடும். வீட்டில் கேட்கவேண்டியது ஒன்றே: பள்ளியில் கேட்ட கதையைப் பிள்ளை சொல்லட்டும், யாராவது ஒருவர் கைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கட்டும்.

12. விஜயதசமிக்கு வரும் பிள்ளை

எல்லாம் ஒரு வழிக்கு வந்துவிட்டது என்று நீங்கள் மூச்சு விடும்போது, விஜயதசமி அன்று மாலையும் கையுமாக ஒரு புதுப் பிள்ளை வந்து நிற்கும். உங்களுக்கு ஒன்றாம் படியிலிருந்து தொடங்க நேரம் இருக்காது. ஜூனில் அதிகமாக அழுத பிள்ளை யார் என்று பார்த்து, அதன் பக்கத்தில் உட்காரவையுங்கள். போன வருஷம் நான் அப்படித்தான் செய்தேன். மதியம் எட்டிப் பார்த்தால், நான்கு மாதம் முன்பு கேட்டைப் பிடித்துத் தொங்கிய பெண் புதியவனிடம் தட்டில் முட்டையைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். "நகத்தால கிள்ளாதே. கட்ட விரலால தள்ளு. மொதல்ல கை கழுவினியா?"